கையே!

நடுவர் அவர்களே! கருவி, கருவி என்று கர்ஜித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! தாம்பரத்துப் பெருமக்களே!

"பச்சைக் குழந்தையைக் காப்பது கருவியா? கையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் கேட்டார்: "குறைமாசத்துல பொறந்த புள்ளைய இன்குபேட்டர்ல வைக்காம, உங்க கையிலயா வெச்சிருப்பீங்க?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா, அதுக்குப் பதில் என் வீட்டுலயே இருக்கு.

2023-இல் என் பேரன், ஏழு மாதம் முடிந்த கையோடு அவசரமாக வந்துவிட்டான். எடை 1 கிலோ 400 கிராம். கிழக்குத் தாம்பரத்தில் நான் வாங்குகிற பூசணிக்காய் அதைவிடக் கனம்! கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் மகள் ஒன்பது நாள் கதவுக்கு வெளியே நின்றாள். "தொடாதீங்கம்மா, இன்ஃபெக்ஷன் வந்துரும்." பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் சொன்னாள்: "அப்பா, அவன் என் புள்ளைன்னே தோண மாட்டேங்குதுப்பா." முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு வார்த்தை வரவில்லை ஐயா.

பத்தாம் நாள், புதிதாக டியூட்டிக்கு வந்த நர்ஸம்மா கேட்டார்: "ஏம்மா, இன்னும் நெஞ்சுல கட்டிக்கலையா?"

குழந்தைக்குக் குல்லா, காலுறை, அரையில் ஒரு துணி. அவ்வளவுதான். அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்து, மூச்சு முட்டாமல் தலையை ஒருபக்கம் திருப்பி, துணியால் கட்டிவிடுகிறார்கள். கங்காரு முறை என்று பெயர். தோலுக்கடியில் கொழுப்பில்லாத பிள்ளைக்குச் சூட்டைப் பிடித்துவைக்கத் தெரியாது. தாயின் உடம்பு அந்தச் சூட்டைத் தருகிறது. பாலும் பக்கத்திலேயே.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது இது. இன்குபேட்டர் பத்தாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் கிருமி இன்னொன்றுக்கு! பெட்டிக்குப் பதில் தாயையே வைத்தார்.

"ஏழைக்கேத்த எள்ளுருண்டை"ங்கறீங்களா? கேளுங்க. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். உடல்நிலை சீரான பிறகு கட்டியவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 15.7 சதவீதம். பிறந்த உடனே கட்டத் தொடங்கி, நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் வைத்திருந்தவர்களில் 12 சதவீதம். பலன் தெரிந்துவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் "உடனே தொடங்குங்கள்" என்றது.

மூச்சுக் கருவி வேண்டாமா? வேணும்! அங்கே கருவியும் இருந்தது. தாயின் கட்டிலும் அதே அறைக்குள் வந்தது. கதவுக்கு வெளியே நிற்க வைக்கவில்லை என்பதுதான் என் கட்சி.

அதற்காக எல்லாக் கையும் கையாகாது. என் மனைவி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு போய், "நாலு நாள் தேச்சுக் காலை நீவிவிட்டா தேறிடுவான்" என்றாள். நர்ஸம்மா கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். மெல்ல நீவுவதற்கும் காலம் இருக்கிறது. உடம்பு தேறிய பிறகு, தெரிந்தவர் சொல்லிக் கொடுத்தபடி.

இன்னொரு கூத்து. அப்பாவும் கட்டிக்கொள்ளலாமாம். எங்க மாப்பிள்ளை ரிமோட்டைத் தவிர எதையும் தூக்கிப் பழக்கமில்லாதவர். சட்டையைக் கழற்றிப் பிள்ளையைக் கட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் மனுஷன் இருமவில்லையே! "மாமா, அவன் மூச்சு இங்க படுது" என்று நெஞ்சைக் காட்டினார்.

என் மகள் முதல்நாள் கட்டிக்கொண்டபோது அழுதாள். மூன்றாம் நாள் நான் போனபோது, "சத்தம் போடாதப்பா, என் புள்ள தூங்குறான்" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள். "என் புள்ள"ன்னா நடுவர் அவர்களே! வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று நான் அழுதேன்.

மணி அடிச்சிட்டீங்க. உட்கார்ந்துட்டேன்.