வன்னிப் பெருநிலமும் மோட்டார்ச் சைக்கிள் பிரயாணமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், மாங்குளத்தில் நிகழ்த்திய பேச்சு)



தூரப் பிரயாணம் என்றதும் நம்மவருள் பலருக்குக் கப்பலும் விமானமுமே நினைவுக்கு வருகின்றன. மோட்டார்ச் சைக்கிளோ சந்தைக்கும் வயலுக்கும் கந்தோருக்கும் போய்வர ஏற்ற வாகனம், அவ்வளவுதான் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் உலகத்தின் பரந்த நிலங்களை இரண்டு சக்கரங்களின் மேலிருந்து கண்டவர் பலர் உளர். 1952-ன் தொடக்கத்தில், எம் வயதையொத்த 23 வயது வைத்திய மாணவர் எர்னெஸ்டோ சே குவேராவும் அவர் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் ஒரு பழைய நோட்டன் வண்டியில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டனர். சில்லி நாட்டில் வண்டி முற்றாகப் படுத்துவிட்டது. அதன் பின்னரே அவர்கள் சுரங்கத் தொழிலாளரோடும் ஏழை எளியவரோடும் கலந்து நடந்தனர். 1973-ல் லண்டனிலிருந்து 500 சீ.சீ. திரையம்ப் வண்டியில் புறப்பட்ட ரெட் சைமன் என்ற பத்திரிகையாளர் நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இவர்களுடைய பிரயாணங்களை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. வண்டி ஓடும்போது நாட்டின் தோற்றத்தைக் காண்கிறோம்; வண்டி நின்றபோதுதான் நாட்டின் மக்களைக் காண்கிறோம்.

இவ்வுண்மையை அறியத் தென்னமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. நாம் இப்பொழுது கூடியிருக்கும் மாங்குளச் சந்தியிலிருந்து எத்திசையில் திரும்பினாலும் போதும்.

வன்னி எத்துணைப் பரந்த நிலம் என்பதைச் சில எண்களால் விளக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். 2012-ம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே ஐந்து இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்போ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். மக்கள் தொகை 92,000 அளவில். அதாவது அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 500-க்கு மேற்பட்டோர். இங்கே 40 பேருக்கும் குறைவு. ஆகவே ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையே காடே நீண்டு கிடக்கின்றது. இந்த இடைவெளியைக் கண்டவர்கள் "வன்னியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு, கண்டி வீதியில் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையிலே ஒரு பை கச்சான், இவ்வளவே அவர்கள் அறிந்த வன்னி.

அக்காலத்தில் இப்பாதை இவ்வளவு சுலபமானதாக இருக்கவில்லை. 1905-ல் ரயில்பாதை முற்றுப்பெறும் முன், அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் மாட்டுவண்டித் தபால் கோச்சில் காட்டுவழியே போகவேண்டியிருந்தது. அவ்வாறு போன லெனார்ட் வூல்ப் என்ற ஆங்கில உத்தியோகத்தர் அதைப் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். பின்னர் ரயில் வந்தது. தார் வீதி வந்தது. அவற்றையெல்லாம் யுத்தம் தின்றது. மாங்குளம் 1990, 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை கைமாறியது. கண்டி வீதி 2002-ல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பின்னரே திறந்தது. ரயில் 2013-ல்தான் மீண்டும் இவ்வூரைக் கடந்து கிளிநொச்சியை அடைந்தது. யுத்தம் முடிந்தபோது எம்மில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். ஆதலால் நாம் கூறப்போவதிற் பாதி கண்டது. மறுபாதி பெரியோர் வாயிலாகக் கேட்டது.

சென்ற ஆனி மாதத்தில், பல்கலைக்கழக விடுமுறையின்போது, நாங்கள் நால்வர் இரண்டு வண்டிகளில் வன்னியை ஒருமுறை வலம் வந்தோம். மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம். அங்கிருந்து வடக்கே பூநகரி. பின் கிழக்கே பரந்தன். அங்கு ஓர் இரவு தங்கல். மறுநாள் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவு. தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக வீடு. சுமார் 200 கிலோமீற்றர். இரண்டு நாளுக்கு இது அதிக தூரமன்று. ஆனால் நாம் தூரத்தை எண்ணிப் புறப்படவில்லை.

வழியின் இரு மருங்கும் பாலையும் வீரையும் முதிரையும். பாலைப்பழக் காலமாதலால் சிறுவர்கள் பழத்தைக் கூடைகளில் வைத்துத் தெருவோரத்தில் விற்றனர். வாங்கித் தின்றபின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. அரைமணி நேரம் எவரும் அதிகம் பேசவில்லை! குளங்களில் நீர் வற்றி, மாடுகள் நடுக்குளம் வரை மேய்ந்தன. கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31-ல் பண்டாரவன்னியன் கப்ரன் டிறிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டதைக் குறித்து நடுகல் நாட்டப்பட்ட இடத்தில் சற்று நின்றோம். அத்தோல்வியைக் குறிக்க நாட்டப்பட்ட கல்லே, தோற்றவன் பெயரை மக்கள் மறவாதிருக்கவும் உதவியது. சரித்திரத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

முதல் நாள் நண்பகலில், வெள்ளாங்குளத்துக்கும் பூநகரிக்கும் நடுவே ஒரு வண்டியின் பின் ரயர் காற்றிழந்தது. கழற்றிப் பார்த்தால் ரியூப் வால்வடியிற் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட்டாலும் நில்லாது. வெயில் தீயாகக் காய்ந்தது. காடு, கடை இல்லை, வீடு இல்லை. இரண்டு கார்கள் எம்மைக் கடந்து விரைந்தன. மூன்றாவதாக ஒரு பழைய எம்.டி. 90 ஹொண்டா, மெல்ல இருமிக்கொண்டு வந்து நின்றது. அறுபதைக் கடந்த ஒருவர் இறங்கினார்.

"என்ன தம்பியவை, ரியூப் போட்டுதோ? சில்லைக் கழட்டுங்கோ. ஒராள் என்னோட ஏறுங்கோ."

அவர் எம்மில் ஒருவரையும் சில்லையும் ஏற்றிக்கொண்டு போய், புது ரியூப் போடுவித்து, ஒருமணி நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டார். நாம் பணம் நீட்டியபோது அவர் சிரித்தார்.

"காசை வையுங்கோ தம்பி. இந்த றோட்டில நாளைக்கு என்ர வண்டியும் நிக்கும். அப்ப ஆராவது வருவினம்."

மரநிழலில் அமர்ந்து அவர் சொன்ன கதையே எம் பிரயாணத்தின் பெரும் பேறு. 1990-ன் பின் பெற்றோலும் டீசலும் வன்னிக்கு வராமல் தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெயும் அளவோடுதான் கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயிலேயே மோட்டார்ச் சைக்கிள்களை ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. அதனால் ஒரு சிறு போத்தலில் அரிதாகக் கிடைத்த பெற்றோலை வைத்திருந்து, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். இயந்திரம் உள்ளே தட்டாதிருப்பதற்காகச் சிலிண்டர்த் தலையின் கீழே தடித்த கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார்கள். பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீராக்கும். பின்னாலே வெண்புகை எழும். "நடுவழியில நிப்பாட்டப் பயம் தம்பி. நிப்பாட்டினா, திருப்பி ஸ்ராட் பண்ண அந்த நாலு துளி வேணுமெல்லோ" என்றார் அவர்.

அப்படியிருந்தும், வழியில் நின்ற ஒருவரைக் கண்டால் அவர்கள் நிறுத்தினார்கள் என்பதைச் சபையோர் சிந்தித்துப் பார்க்கவேண்டும். நிறுத்துவது அந்த நாலு துளியைச் செலவிடுவது. நோயாளியும் கர்ப்பிணியும் நெல்மூட்டையும் இந்த வண்டிகளில்தான் வைத்தியசாலைக்கும் ஆலைக்கும் போயின. 2022-ல் எரிபொருள் நெருக்கடி வந்து, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டபோது நாடு முழுவதும் திகைத்தது. வன்னியில் முதியோர் அதிகம் திகைக்கவில்லை என்பதன் காரணம் இப்பொழுது எமக்கு விளங்குகின்றது.

மறுநாள் முள்ளிவாய்க்காலைக் கடந்தோம். 2009-ல் சனங்கள் இறுதிவரை உருட்டிச் சென்று கைவிட்ட வாகனங்கள், யுத்தம் முடிந்தபின் அப்பகுதியிலே குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றுள் மோட்டார்ச் சைக்கிள்களும் சைக்கிள்களும் எண்ணற்றவை. எம்முள் ஒருவருடைய தந்தையாரின் வண்டியும் அவற்றோடு போனதுதான். அவ்விடத்தில் நாம் இயந்திரங்களை நிறுத்தி, வண்டிகளைச் சற்றுத் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒருவரும் அப்படிச் செய்வோம் என்று சொல்லவில்லை. முன்னே சென்றவர் இறங்கினார், மற்றவர்களும் இறங்கினோம்.

அன்பர்களே! மிஷன் பாடசாலையில் படித்த காலத்தில், எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையை நாம் படித்தோம். இருவர் விலகிப் போக, மூன்றாமவன் நின்றான். அக்கதையின் பொருளைப் பூநகரி வீதியில் கண்ணாரக் கண்டோம். இது எமக்குப் புதிய தருமமும் அன்று. எம் முன்னோர் வழிதோறும் தண்ணீர்ப் பந்தலும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், தங்கிச் செல்ல மடமும், மாடு உரைஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும் வைத்தார்கள். முகமறியாத வழிப்போக்கனுக்குச் செய்த தருமம் அது. இன்று வீதி கண்ணாடிபோல் இருக்கின்றது, வாகனங்கள் பறக்கின்றன, நிற்பார்தாம் குறைந்துவிட்டனர். வறுமையில் வாழ்ந்த தருமம் வசதியில் மாண்டுபோகலாமா?

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்காக நடுவீதியிலே படுக்கின்றன. ஒட்டுசுட்டான் வீதியில் அந்திநேரத்தில் யானை கடக்கின்றது. யுத்தத்துக்குத் தப்பிய குடும்பத்தின் ஒரே பிள்ளை கண்டி வீதியிலே தலைக்கவசமின்றி விழுந்து இறந்தான் என்ற செய்தியை இனியும் நாம் கேட்கவேண்டுமா? ஓடத் தெரிந்தவன் வேகமாக ஓடுபவன் அல்லன். வீடு வந்து சேர்பவனே. அவ்வாறே, கண்ணிவெடி அகற்றப்படாத இடத்தில் சிவப்புப் பலகை நின்றால் அப்பால் ஓரடியும் வைக்கலாகாது. அந்த இடத்தில் வீரம் வேண்டாம்.

முடிவாக, இச்சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். முதலாவது: இச்சந்தியில் ஒரு நிழற்பந்தலும் குடிநீரும், அதனோடு காற்றடிக்கும் பம், ஒட்டுச் சாமான், முதலுதவிப் பெட்டி ஆகியவையும் வைப்போம். செலவு சிறிது, அங்கத்தவர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இக்காலத்துச் சுமைதாங்கி அதுவே. இரண்டாவது: மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களும் அவ்வண்டிகளைத் திருத்தியவர்களும் எம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். அவர்கள் கைத்திறனையும் அநுபவத்தையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதி அடுத்த மலரில் வெளியிடுவோம். இன்னும் பத்தாண்டு பொறுத்தால் கேட்க ஆள் இராது. மூன்றாவது: ஆண்டுக்கொருமுறை இளைஞர்கள் கண்டி வீதியை விட்டுத் திரும்பி, தாம் காணாத வன்னிக் கிராமம் ஒன்றுக்காவது போய்வருவோம்.

"வன்னியில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு எம் விடை சுருக்கமானது. வழியில் நின்றவனைக் கண்டால் வண்டியை நிறுத்தும் மனிதர் இருக்கிறார்கள். அந்த மனிதர் தொகை குறையாமற் காப்பது இங்கே அமர்ந்திருக்கும் எம்முடைய கடமை.