கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு படங்கு



கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலை. உள்ளே பெரிய பெரிய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர் துரையின் பொருட்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கம்பளைக்குப் பக்கத்தில், பழைய லயத்துக் காம்பராக்களிலேயே இன்னொன்று உண்டு. கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் திறந்தது. அங்கே நம் ஆட்களின் சட்டி பானை, தொழில் கருவிகள், தாள்கள். அதைப் பார்த்த பிறகுதான் நம் பாடசாலையிலும் ஒரு மூலை வேண்டும் என்று சங்கத்தில் பேசினோம்.

உடனே வாக்குவாதம். வெற்றிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் படங்கை வைப்பதா என்று சிலருக்குக் கூச்சம். அதை இடுப்பில் கட்டியவர்கள்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள்? வைப்போம்.

கொழுந்துக் கூடை கேட்பதுதான் சிரமம். பூனாகலையில் அது இன்னும் மலையில் வேலை செய்கிறது. கண்ணாடிக்குள் போனால் அன்றைக்குப் பேர் விழாது!

தாள்கள்தான் அவசரம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. அத்தாட்சி இல்லாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 2003இல்கூட அதற்காக ஒரு சட்டம் தேவைப்பட்டது. ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் பிறப்பு அத்தாட்சிகளைப் பிரதி எடுத்துத் தாருங்கள்; அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வைத்தியர்களாகிய நாங்கள் பெயர், வயது, ஊர் கேட்காமல் மருந்து எழுதுவதில்லை. பொருளுக்கும் அப்படித்தான்: யாருடையது, எந்த டிவிஷன், எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டுங்கள். படங்கைத் துவைத்து வெளுக்காதீர்கள், கறை அப்படியே இருக்கட்டும். ஞாபகமாகக் கவ்வாத்துக் கத்தியை லண்டனுக்குக் கொண்டுபோன தங்கைமார், திரும்பக் கொண்டுவரும்போது கைப்பையில் வைத்து விமானம் ஏறவேண்டாம்.