பேரை எழுதி வையுங்கோ

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளில சமயச் சொற்பொழிவு ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பீற்றில்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். முன்வரிசையில ஐயாமார் சிலர் சிரிக்கினம். பரவாயில்லை. பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கோ. இது பாட்டைப் பற்றிய கதை மட்டும் அல்ல என்பது முடிவில விளங்கும்.

லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை செய்தேன். துணைக்கு ஒரு பழைய கசெற் பெட்டி. பீற்றில்ஸ் பாட்டுகள் அப்படித்தான் எனக்குப் பழக்கமாயின. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பூட் சேல்களுக்குப் போய்ப் பழைய இசைத்தட்டுகள் வாங்கத் தொடங்கினேன். ஒருநாள் வாங்கிய 'ஹெல்ரர் ஸ்கெல்ரர்' பாட்டு நான் கேட்டுப் பழகிய மாதிரி முடியவில்லை. நான் கேட்டிருந்ததில் கடைசியில் மேளகாரர் றிங்கோ, விரலில் கொப்புளம் வந்துவிட்டது என்று கத்துவார். இதில் அந்தக் கத்தல் இல்லை. தட்டுப் பழுதோ என்று பார்த்தேன். பழுதில்லை. நான் கேட்டது ஸ்ரீரியோ, இது மொனோ. அந்தக் காலத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கலந்து எடுத்திருக்கிறார்கள். 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்ற பாட்டின் மொனோவைக் கேட்டால் வேகமும் கூட, சுருதியும் கூட.

இதைப் போய் ஒருவன் ஆராய்வானா என்று கேட்பீர்கள். ஆராய்ந்திருக்கிறான். மார்க் லூயிசன் என்ற லண்டன்காரர். 1958இல் பிறந்தவர். இசைக் கலைஞரோ பேராசிரியரோ அல்லர், ரசிகர். சின்ன வயதிலிருந்தே எது எப்போது நடந்தது என்று திகதி திகதியாகத் தேடியவர். அவருடைய நுணுக்கத்தைக் கண்ட ஈ.எம்.ஐ. கம்பனி, அபி றோட் ஸ்ரூடியோவில் இருந்த மூல ஒலிநாடாக்களைக் கேட்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது. அந்த உழைப்பு 1988இல் பெரிய புத்தகமாக வந்தது. குழு ஸ்ரூடியோவில் கழித்த நாள் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. என்ன பாட்டு, எத்தனை முறை பாடினார்கள், யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள், பொறியியலாளர் யார், எல்லாம்.

இதை எப்படிச் செய்தார்? மூன்று பக்கத்தாலும் பார்க்க வேண்டும். ஒன்று, காது. ஒவ்வொரு முறை பாடத் தொடங்கும்போதும் அது எத்தனையாவது 'ரேக்' என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லுவார்கள். அது நாடாவில் பதிந்திருக்கும். இரண்டு, கடதாசி. நாடாப் பெட்டியின் மேலும் பதிவுத் தாள்களிலும் எழுதியவை. மூன்று, ஆட்களின் ஞாபகம். இந்த மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது. மனிதனின் ஞாபகம் கதை சொல்லும். கடதாசி திகதி சொல்லும்.

சில உதாரணங்கள் சொல்லுறன். அவர்களுடைய முதல் இசைத்தட்டில் பதினான்கு பாட்டு. அதில் பத்து, 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பதிவானவை. ஜோன் லெனனுக்கு அன்று தடிமன். தொண்டை கட்டிவிடும் என்று பயந்து 'ருவிஸ்ற் அன்ட் ஷவுற்' பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். அந்தக் கரகரத்த குரல் பாவனை அல்ல, உண்மையான தொண்டை நோ.

'லவ் மீ டூ' என்ற பாட்டை 1962இல் மூன்று வெவ்வேறு மேளகாரரோடு பதிந்தார்கள். ஜூன் 6இல் பீற் பெஸ்ற், செப்ரெம்பர் 4இல் றிங்கோ, செப்ரெம்பர் 11இல் அன்டி வைற் என்ற கூலிக்கு வாசிக்கும் கலைஞர். அன்றைக்கு றிங்கோவின் கையில் ரம்பறீன் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ரம்பறீன் சத்தம் கேட்டால் மேளம் அன்டி வைற். கேட்காவிட்டால் வேறு ஆள். பீற் பெஸ்ற் வாசித்த பதிவு 1995இல்தான் இசைத்தட்டாக வெளியே வந்தது. அதுவரை முப்பத்து மூன்று வருடம் அந்த மனிதருடைய வாசிப்பைச் சனம் கேட்கவில்லை.

'ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டு இன்னும் அதிசயம். ஏழாவது ரேக்கின் தொடக்கமும் இருபத்தாறாவது ரேக்கின் மிச்சமும் லெனனுக்குப் பிடித்தது. இரண்டுக்கும் வேகம் வேறு, சுருதி வேறு. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் பொறியியலாளர் ஜெஃப் எமறிக்கும் நாடாவின் வேகத்தை மாற்றி இரண்டையும் ஒட்டினார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கோ. தெரிந்தபின் காது அதை விடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாறன்.

1966 ஏப்ரலில் ஜோர்ஜ் ஹரிசன் 'லவ் யூ ரூ' என்ற பாட்டைப் பதிந்தார். தபேலா வாசித்தவர் லண்டனில் இருந்த அனில் பகவத். ஏசியன் மியூசிக் சேர்க்கிள் என்ற சங்கத்தை நடத்திய அயனா அங்காடி அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அனில் பகவத்தின் பேர் 'றிவோல்வர்' இசைத்தட்டின் உறையிலேயே அச்சாகியது. பீற்றில்ஸ் உறையில் வெளியாள் ஒருவரின் பேர் வருவது அந்தக் காலத்தில் பெரிய மரியாதை.

அடுத்த வருடம், 1967 மார்ச் 15. 'விதின் யூ விதவுற் யூ' என்ற பாட்டு. தபேலா, தம்புரா, தில்ரூபா வாசிக்க லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் வந்தார்கள். ஏப்ரல் 3இல் அதே பாட்டுக்கு எட்டு வயலின்காரரும் மூன்று செலோக்காரரும் வாசித்தார்கள். அந்தப் பதினொரு பேரின் பேர்களும் கடதாசியில் இருந்தன, புத்தகத்திலும் வந்தன. தில்ரூபா வாசித்தவர்? 'இந்திய இசைக் கலைஞர்கள்', அவ்வளவுதான். உலகம் முழுக்க விற்ற இசைத்தட்டு. எத்தனை கோடிக் காது கேட்ட வாசிப்பு. வாசித்தவருக்குப் பேர் இல்லை.

2017இல், ஐம்பது வருடம் கழித்து, தேடிக் கண்டுபிடித்தார்கள். அன்னா ஜோஷி, அம்றித் கஜ்ஜார், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி. நாலு பேர்கள். வாசித்துச் சொல்ல மூன்று வினாடி போதும். எழுதி வைக்காமல் விட்டதால் ஐம்பது வருடம் எடுத்தது.

யாரும் வேணுமென்று மறைத்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. வந்த நாட்டில், இன்னொருவருடைய மேடையில் வாசிக்கிறவனின் பேர்தான் முதலில் விடுபடும். இந்த மண்டபத்தில் இருக்கிற நாங்கள் எல்லோரும் அப்படி வாசித்துக்கொண்டிருப்பவர்கள்தான். ஆஸ்பத்திரியில், தொழிற்சாலையில், சமையலறையில்.

அதே ஜோர்ஜ் ஹரிசன் 1971 ஓகஸ்ற் 1இல், பண்டிற் ரவிசங்கர் கேட்டதற்காக, நியூயோர்க்கில் வங்காள அகதிகளுக்கு நிதி சேர்க்கக் கச்சேரி நடத்தினார். அகதி என்ற சொல்லைக் காதில் போட்டுக்கொண்ட பாட்டுக்காரன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவர் 2001இல் காலமானார்.

இப்ப உங்கட வீட்டு அலுமாரிக்கு வாங்கோ. அங்கே ஊரிலிருந்து வந்த கசெற்றுகள் கிடக்கும். கடிதம் எழுத முடியாத ஆச்சி பேசி அனுப்பிய கசெற். கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம். கூத்துப் பாட்டு. அதில தவில் அடிச்சது ஆர்? நீங்கள் சொல்லுவீர்கள். உங்கட மகனுக்குத் தெரியாது. கசெற் உறையில் 'ஊர்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் நாலு வேலை செய்யுங்கோ. ஒன்று, கசெற்றின் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னத் தகட்டையும் உடைச்சுவிடுங்கோ. பிறகு அதன்மேல் தவறுதலாய் வேறொன்று பதியாது. இரண்டு, ஈரம், வெக்கை படாமல் வைத்து, கெதியாய்க் கணினியில் ஒரு பிரதி எடுங்கோ. பழைய நாடா பொறுத்திருக்காது. மூன்று, பெரியவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கோ. ஆர் பாடினது, எந்த இடம், எந்த ஆண்டு. திகதி தெரியாவிட்டால் 'பெரியக்காவின் கலியாணத்துக்கு முந்தி' என்று எழுதுங்கோ. அதுவும் ஒரு திகதிதான். நாலு, கேட்டதையும் கசெற்றில் எழுதியிருந்ததையும் பெரியவர் சொன்னதையும் தனித்தனியாக எழுதுங்கோ. ஒத்துப்போகாவிட்டால் ஒன்றையும் அழிக்க வேண்டாம். பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளுவான்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்களுக்குப் பிடித்த குழு எதுவென்றாலும் இருக்கட்டும். அதை இப்படி ஆராயப் பழகுங்கோ. அந்தப் பழக்கம் கைக்கு வந்தால் அதே காதோடு அப்பம்மாவின் கசெற்றையும் கேட்பீர்கள். பெற்றோரே, பிள்ளை அறைக்குள் ஒரே பாட்டைப் பத்துமுறை போட்டால் உடனே கதவைத் தட்டிப் பேசவேண்டாம். என்ன வித்தியாசம் கேட்குது என்று கேளுங்கோ.