இல்லை என்று பெயர் கொண்ட மக்கள்



பிலிப்பைன்ஸ் நாட்டின் கிழக்கே சமார், லெய்த்தே என இரு தீவுகள் உள்ளன. சமாரிலும் லெய்த்தேயின் வடகிழக்கிலும் வாழும் மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் "வராய்" என்று பெயர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நம் காதில் அப்பெயர் "வாராய்" என்று அழைப்பது போல ஒலிக்கிறது. ஆனால் அம்மொழியில் அச்சொல்லுக்கு "இல்லை" என்பதே பொருள்.

இல்லை என்று பெயர் கொண்டவர்களிடம் நாம் கற்பதற்கு என்ன உண்டு? அவர்களது அன்றாடப் பேச்சைச் சற்றுக் கேட்போம்.

காலையில் சந்தித்தால் "மாஉபாய் ங ஆகா" என்பார்கள். பிற்பகலில் "மாஉபாய் ங கூலோப்" என்பார்கள். "மாஉபாய்" என்றால் நல்லது. அண்ணனை "மானோ" என்றும் அக்காளை "மானா" என்றும் மரியாதையாக அழைப்பார்கள். பெரியவர்களின் கையைப் பற்றித் தங்கள் நெற்றியில் ஒற்றி ஆசி பெறுவார்கள்.

திருமண வீட்டில் "குராச்சா" என்னும் நடனம் உண்டு. சேவல் பெட்டையைச் சுற்றி வருவது போல ஆணும் பெண்ணும் ஆடுவார்கள். ஆடும்போதே உற்றார் உறவினர் பணத்தை இடுவார்கள். "காலா" எனப்படும் அந்த மொய்ப்பணம் புதுமணத் தம்பதியரின் குடித்தனத்துக்கு உதவும். லெய்த்தே உழவர்களிடையே "திக்லோஸ்" என்றொரு வழக்கமும் உண்டு. பலர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தில் மற்றவர் முறை வைத்து உழைப்பது அது. கூலி கிடையாது.

நன்றி சொல்ல "சலாமத்" என்பார்கள். அதற்கு மறுமொழி "வராய் சபாயன்". நாம் "பரவாயில்லை" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அந்த "இல்லை" வறுமையின் சொல்லன்று. கொடுத்ததைக் கணக்கில் வைக்காத மனத்தின் சொல்.

2013 நவம்பர் 8-ஆம் நாள் ஹையான் புயல் இப்பகுதியைத் தாக்கியது. பிலிப்பைன்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தக்லோபான் நகரம் சிதைந்தது. 2015 சனவரி 17-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே கொட்டும் மழையில், மக்களைப் போலவே மஞ்சள் மழையங்கி அணிந்து திருப்பலி நிறைவேற்றினார். எழுதி வைத்த மறையுரையை ஒதுக்கிவிட்டு, தம் தாய்மொழியில் பேசினார். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். அவரிடமும் சொற்கள் "வராய்". ஆனால் அவர் வந்து நின்றார்.

அன்பர்களே, யூபிலி ஆண்டில் நாமும் கொடுக்கிறோம். கொடுத்ததற்குக் கல்லில் பெயர் பொறிக்கிறார்களா என்றும் பார்க்கிறோம். "பரவாயில்லை" என்று வாயால் சொல்லும் நாம், அதை மனத்தாலும் சொல்கிறோமா? இனி யாரேனும் நமக்கு நன்றி கூறினால், வராய் மக்களை நினைத்துக்கொண்டு மறுமொழி சொல்வோம்.

இறைவனுக்கே மகிமை.