இரு வீச்சு எஞ்சினும் அதன் நோய்களும்

ராணிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் தோல் பதனிடும் தொழிலே நினைவுக்கு வரும். அது பொருத்தமே. ஆயினும் பாலாற்றங்கரையில் உள்ள இவ்வூருக்கு எஞ்சின் தொழிலிலும் ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தார் இங்கே ஒரு தொழிற்சாலையை நடத்தினர். ஜெர்மனியின் ஸுண்டாப் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்னும் 50 சி.சி. வண்டிகளையும், ஃபியூரி என்னும் 175 சி.சி. மோட்டார் சைக்கிளையும் அங்கே செய்தனர். மூன்றும் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை.

புயலில் வீழ்ந்த மரத்தையும் வேலிக்காத்தான் புதரையும் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஊர் வழக்கில் அதனை மரம் அறுக்கும் மிஷின் என்பர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது தெருவெங்கும் அதன் ஓசையே கேட்டது. அந்த ரம்பத்தின் எஞ்சினும் ராணிப்பேட்டையில் உருவான வண்டிகளின் எஞ்சினும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றை அறிந்தவன் மற்றொன்றையும் அறிவான். இன்று அந்தக் குலத்தின் இயல்பையும், அதற்கு வரும் நோய்களையும், அவற்றை நீக்கும் முறையையும் சுருக்கமாகக் காண்போம்.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இருமுறை மேலேறி இருமுறை கீழிறங்கினால்தான் ஒருமுறை வெடிப்பு நிகழும். இரு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு உண்டு. நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்புகள்! இத்தனை விரைவில் புகையை வெளியேற்றிப் புதுக்கலவையை உள்ளே கொணர்வது எங்ஙனம்? இதில்தான் அறிஞர்களின் நுட்பம் விளங்குகிறது.

ஸ்காத்லாந்துக்காரரான டுகால்டு கிளார்க் 1881இல் இவ்வகை எஞ்சினுக்கு உரிமை பெற்றார். ஆனால் புதுக்கலவையைத் தள்ளுவதற்கென அவர் தனியே ஒரு சிலிண்டரை வைத்திருந்தார். இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1889இல் வேறொரு வழி கண்டார். பிஸ்டனுக்கு அடியில் சுழல்தண்டு இருக்கும் அறையையே காற்றுப் புகாதபடி மூடி, அதனைத் துருத்தியாக்கினார். கொல்லன் உலைக்களத்தில் துருத்தி விரியும்போது காற்றை இழுக்கிறது. சுருங்கும்போது நெருப்பில் செலுத்துகிறது. அதுபோலவே பிஸ்டன் மேலேறும்போது அடியறை விரிந்து, கார்புரேட்டர் வழியாகக் கலவையை இழுக்கும். அதே வேளையில் மேலே முன்னைய கலவை அழுத்தப்படும். உச்சியை நெருங்கும்போது பொறி பிறக்கும். பிஸ்டன் கீழே தள்ளப்படும். பாதி வழிக்கும் கீழே வந்ததும் முதலில் புகை வாயில் திறக்கும். அடுத்து அடியறையிலிருந்து வரும் வாயில் திறக்கும். அழுந்தியிருந்த புதுக்கலவை மேலே பாய்ந்து மிஞ்சிய புகையை வெளியே தள்ளும். வால்வு இல்லை, அதனை இயக்கும் பல்சக்கரமும் இல்லை. பிஸ்டனே வாயில் காப்போன்.

புதுக்கலவையும் புகையோடு சேர்ந்து ஓடிவிடாதோ என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. ஓரளவு ஓடத்தான் செய்கிறது. அதனைக் குறைக்க 1920களில் அடோல்ஃப் ஷ்னூர்லே என்னும் ஜெர்மானியர், கலவை புகை வாயிலுக்கு எதிர்ப்புறச் சுவரை நோக்கிப் பாய்ந்து, மேலேறி, வளைந்து திரும்புமாறு வாயில்களை அமைத்தார். அம்முறை பிற்காலத்தில் பெருவழக்காயிற்று.

இந்த எஞ்சின் எளியது, இலேசானது. ஆகையால் அது மரம் அறுக்கும் கருவிக்கு மிகப் பொருந்தியது. 1920களின் பிற்பகுதியில் எமில் லெர்ப், ஆண்ட்ரியாஸ் ஸ்டில் ஆகியோர் ஜெர்மனியில் செய்த பெட்ரோல் ரம்பங்களைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. 1959இல் வந்த ஸ்டில் கான்ட்ரா என்னும் ரம்பம் ஏறக்குறைய 12 கிலோ எடையே உடையது. அதனை ஒருவரே ஏந்தி வேலை செய்யலாம். அக்காலத்து ரம்பங்களில் சில இன்றும் பட்டறை மூலைகளில் தூசு படிந்து கிடக்கின்றன. அவ்வாறு ஒன்று உங்கள் கைக்கு வந்ததாகக் கொள்வோம். கயிற்றை இழுக்கிறீர்கள், எஞ்சின் ஓடவில்லை. என் செய்வது?

பலர் உடனே திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டர் திருகுகளைத் திருகத் தொடங்குவர். அது நோயறியாமல் மருந்து கொடுப்பது போன்றது. எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: பொறி, கலவை, அழுத்தம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எத்தனை முறை இழுத்தும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தது, பொறி வரவில்லை என்று ஐயுறலாம். பழைய எஞ்சின்களில் சுழலும் காந்தச் சக்கரமே மின்சாரத்தை உண்டாக்கும்; பாயிண்ட் என்னும் இரு சிறு முனைகள் உரிய கணத்தில் பிரியும்போது பொறி தோன்றும். ஆண்டுக்கணக்கில் கிடந்த பாயிண்ட் முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். அதனை மெல்லத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அளந்து வைத்தாலே செத்ததென்று கருதிய பல எஞ்சின்கள் உயிர்பெறும். பின்னும் பொறி நலிந்திருந்தால் கண்டென்சரைச் சோதிக்கவேண்டும்.

அடுத்தது கலவை. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் ஒரு மிதவை உண்டு. ரம்பத்தையோ சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்க நேரும். அங்கே மிதவை பயன்படாது. ஆகவே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்தனர். அடியறையில் மாறி மாறி எழும் அழுத்தமே ஒரு சவ்வைத் துடிக்கச் செய்து பெட்ரோலை இழுக்கிறது. நம் நெஞ்சின் துடிப்பைப் போன்றதே இதுவும். சவ்வு வயதால் விறைத்தால் துடிப்பு நின்றுவிடும். இன்றைய பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். வேலை முடிந்து நெடுநாள் வைக்கும்போது தொட்டியைக் காலி செய்துவிடுவதே அறிவுடைமை.

மூன்றாவது அழுத்தம். சைலென்சரைக் கழற்றினால் புகை வாயில் வழியே பிஸ்டனின் பக்கத்தைக் கண்ணாலேயே காணலாம். அது மழமழவென்று இருந்தால் நலம். நெடுக்காகக் கீறல்கள் இருந்தால் எஞ்சின் ஒருமுறை இறுகிப்போயிருக்கிறது என்று அறியலாம். பட்டறைக்காரர்கள் இதனை ஜாம் ஆகிவிட்டது என்பர்.

அது ஏன் இறுகியது? இக்கேள்விக்கு விடை காணாமல் புதுப் பிஸ்டனைப் போட்டால் அதுவும் சில நாளில் இறுகும். இரு வீச்சு எஞ்சினின் அடியறையில் கலவை நிரம்புவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே அதற்கு உயிர். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. எந்த அளவு என்பதை எஞ்சினைச் செய்தவர் சொல்லியிருப்பார். அதைக் குறைத்தால் கேடு என்பது எளிதில் விளங்கும். வேறொரு கேடு மறைந்து வருகிறது. சுழல்தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல் தேய்ந்தால் துருத்தியில் ஓட்டை விழுந்ததாகும். அதன் வழியே வெறுங்காற்று உள்ளே புகும்; கலவையில் பெட்ரோல் குறையும்; பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும். எஞ்சினோ வழக்கத்தைவிட வேகமாக, உரத்த குரலில் ஓடும். அறியாதவன் நன்றாக ஓடுகிறதே என்று மகிழ்வான். அது சுரம் கண்டவனின் படபடப்பு என்பது அறிந்தவனுக்குத் தெரியும். அவன் உடனே நிறுத்திவிடுவான்.

இங்கே ராணிப்பேட்டைக்கு மீண்டும் வருவோம். ஃபியூரி வண்டியின் சிலிண்டரில் இரும்பு உறை கிடையாது. அதன் உட்சுவரில் கடினமான குரோமியப் பூச்சே இருந்தது. பல ரம்பங்களின் அலுமினிய சிலிண்டரும் அவ்வாறே. அத்தகைய சிலிண்டரை இரும்புச் சிலிண்டரைப் போலக் கடைந்து பெரிதாக்கலாகாது. கடைந்தால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் வீணாகும். இறுகிய பிஸ்டனின் அலுமினியம் பூச்சின்மேல் அப்பியிருந்தால், அதை மட்டும் பொறுமையோடு அகற்றவேண்டும்.

குரோமியம் என்ற இதே உலோகத்தின் உப்புதான் இவ்வட்டாரத்தில் தோலைப் பதனிடுகிறது. தோலில் சேர்வது மூவிணைதிறன் உடைய வகை. அறுவிணைதிறன் உடைய மற்றொரு வகையோ கொடிய நஞ்சு. 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் இவ்வூரின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. எஞ்சினுக்குக் கவசமாகும் பொருளே கிணற்றுக்கு நஞ்சாகிறது. ஒரு பொருளின் பயனை மட்டும் அறிந்து, அதன் எச்சத்தை அறியாதிருப்பது அரைகுறை அறிவே.

எஞ்சினுக்கும் இது பொருந்தும். எரியாமல் புகையோடு தப்பும் கலவை, சில வேளைகளில் உட்கொண்டதில் நான்கில் ஒரு பங்கையும் மிஞ்சும். எண்ணெயும் எரிந்து நீலப்புகையாகும். 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் புகை விதிகள் இறுகியபோது சாலையிலிருந்து இவ்வகை எஞ்சின்கள் ஒவ்வொன்றாக விலகின. ஸுண்டாப் நிறுவனம் 1984இலேயே வீழ்ந்துவிட்டது. ராணிப்பேட்டை வண்டிகளும் பின்னர் நின்றுபோயின. 2021இல் இதே ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் ஆலையைத் திறந்தது. புகைக்கும் எஞ்சின் பிறந்த ஊரிலேயே புகையற்ற வண்டி பிறக்கிறது. இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.

அப்படியானால் பழையதை ஏன் கற்கவேண்டும்? காற்றின் அழுத்தம், காந்தத்தின் மின்னாக்கம், உலோகத்தின் வெப்ப விரிவு ஆகிய பாடங்களை நீங்கள் ஏட்டில் தனித்தனியே படிக்கிறீர்கள். அவை ஒன்றுகூடி வேலை செய்வதை, கையில் அடங்கும் இந்தச் சிறு பொறியில் நேரே காணலாம். மேலும், உரிய ஒரு சவ்வோ சீலோ போட்டால் ஓடக்கூடிய கருவி, அறிவார் இல்லாமையால் காயலான் கடைக்குப் போகிறது. மின்சார வண்டியும் ஒருநாள் பழுதாகும். அப்போதும் காரணத்தைத் தேடும் பழக்கமே கைகொடுக்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ரம்பத்தைப் பிரிக்குமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறிக்கும். சங்கிலியின் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே பழகிய பெரியவர் அருகில் இல்லாமல் அதனை இயக்கலாகாது. முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள், அதன்பின் தொடுங்கள். எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். கேட்கும் செவி வேண்டும், அவ்வளவே.