மெழுகுதிரிக்குத் தெரியாத வாயு

இரத்தினபுரியில் மாணிக்கக் குழிக்குள் இறங்குமுன் மெழுகுதிரியைக் கொளுத்தி உள்ளே விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம். அது 16 வீதமளவுக்கு இறங்கினால் சுடர் அணைந்துவிடும். ஆனால் தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. பத்து இலட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. அப்போதும் சுடர் வழக்கம்போலவே எரியும்.

இந்த வாயுவைக் கண்டுபிடிக்கச் சட்டைப்பையில் அடங்கும் வாயுமானி போதும். அதற்குள் புகும் காபனோரொட்சைட்டு மின்வாயில் தாக்கமுற்று நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்கும். வாயு கூடக்கூட மின்னோட்டமும் கூடும். பல கருவிகள் 35 பங்கிலேயே அலறிவிடும். அனுபவசாலிக்கு இது எதற்கு என்பார்கள். இந்த வாயு தலைச்சுற்றலோடு நிதானத்தையும் கெடுப்பதால், அங்கே அனுபவம் கைகொடுக்காது. செலவு? குழியின் வருமானத்தில் எஞ்சின்காரருக்கென்று ஒரு பங்கு உண்டு. புகையைத் தரும் எஞ்சினோடு வாயுமானியும் வரவேண்டும் என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. உணரி நாளடைவில் மழுங்கும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அதை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும்.