உதவித்தொகைக்கு ஒரு தேதி வேண்டும்



ரோகித் வெமுலாவின் நினைவு நாளில் கூடியிருக்கிறோம். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இந்த அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் விட்டுச் சென்ற கடிதத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதில் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது. அவருக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை 1.75 லட்சம் ரூபாய் வர வேண்டியிருந்தது. ஒரு நண்பருக்கு அவர் ஏறக்குறைய 40,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. இன்று இந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பணமில்லாததால் நேர்ந்த மரணம் என்று அதைச் சுருக்கிவிட முடியாது. விடுதியை விட்டு வெளியேற்றியதும் வளாகத்தின் பொது இடங்களுக்குள் வரக்கூடாது என்றதும் சாதி. ஆனால் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகனுக்கு மாதம் 25,000 ரூபாயை நிறுத்தி வைத்துவிட்டு, காகிதப் பணித் தாமதம் என்று விளக்கம் சொல்ல முடிகிறதே, அதையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பது அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916இல் லண்டன் போனார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பரோடாவில் பெரிய பதவி கொடுத்தார்கள். தங்குவதற்கு ஓர் அறை கொடுக்க அந்த நகரத்தில் ஆள் இல்லை.

மீண்டும் லண்டன் போக அவருக்கு மூன்றாண்டுகள் ஆயின. பம்பாய் சைடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1920இல் கப்பலேறினார். அந்த ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியவர் ரமாபாய். உதவித்தொகை நிற்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதை யாரோ ஒருவர் தன் வயிற்றைக் கட்டி நிரப்ப வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்.

அந்தப் பள்ளம் தெரிந்தவர் என்பதால்தான், 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதி மக்களின் குறைகளை மனுவாக எழுதி லின்லித்கோ பிரபுவிடம் கொடுத்தார். அதில் உயர்கல்விக்கான உதவித்தொகையைக் கேட்டார். 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. நம்மில் பலர் பட்டம் வாங்கியது அந்தத் திட்டத்தால்தான். யாரும் மனமிரங்கிக் கொடுத்த கொடை அல்ல அது. நம் தலைவர் வாதாடி வாங்கிய உரிமை.

அந்த உரிமையின் இன்றைய நிலை என்ன? பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2017 முதல் 2020 வரை ஒன்றிய அரசு ஆண்டுக்குச் சராசரியாக 1,100 கோடி ரூபாய் அளவில்தான் கொடுத்தது. பல மாநிலங்களில் போராட்டம் நடந்தது. 2020 டிசம்பரில் ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என அறிவித்தார்கள். ஒன்றிய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு. நிதி கூடியதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பணம் வரும் வழியைப் பாருங்கள். மாநிலம் முதலில் சரிபார்த்துத் தன் பங்கை விடுவிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கு முன் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைப்பு, கல்லூரியின் ஒப்புதல் எல்லாம் நடக்க வேண்டும். கல்லூரியோ சேர்க்கையின் முதல் வாரத்திலேயே கட்டணம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுக் கடன் வாங்கப்படுகிறது. அதுவும் போதாதென்றால் தண்டல்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார். பணம் ஒருநாள் வந்து சேரலாம். அதுவரை கட்டிய வட்டி எந்தக் கணக்கிலும் வராது.

ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். ஏழை என்று சான்றிதழ் வாங்கிய பிறகு, கையில் பணம் வைத்திருப்பவரைப் போல முதலில் கட்டச் சொல்கிறார்கள்.

2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். தினக்கூலி வாங்கும் தந்தை ஊரில் கேட்டுத் திரட்டினார். ஜூன் 24 மாலை 5 மணிக் கெடுவுக்குள் பணத்தைச் செலுத்த முடியவில்லை. இடம் போய்விட்டது. பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார்கள். செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நாம் கொண்டாடினோம். ஆனால் 17,500 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை வீடுகளால் முடியும்? போக முடியாத பிள்ளையைப் பற்றிச் செய்தி வருவதில்லை. இடைநின்றவர் என்று பதிவேட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2012இல் வந்த அரசாணை எண் 92, தகுதியுள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரிகள் உட்பட, அரசே ஏற்கும் என்றது. அப்படியொரு ஆணை இருப்பதே தெரியாத பெற்றோர் இன்னும் சேரிகளில் இருக்கிறார்கள். தெரிந்து கேட்டாலும், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது கட்டுங்கள் என்று சொல்லும் அலுவலகங்கள் உண்டு.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது. உதவித்தொகைக்கு ஒரு தேதி வேண்டும். கட்டணம் கட்ட மாணவருக்குக் கெடு வைக்கிறார்கள், தாமதமானால் அபராதம் போடுகிறார்கள். அதே கெடு அரசுக்கும் வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும். பணம் வரவில்லை என்பதற்காக எந்த மாணவருக்கும் தேர்வு நுழைவுச்சீட்டையோ மாற்றுச் சான்றிதழையோ மறுக்கக் கூடாது. எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு எவ்வளவு நிலுவை என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. ஜூன் மாதத்துக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. இங்கே இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை இப்போதே எடுங்கள். வருமானச் சான்றிதழையும் வங்கிக் கணக்கின் ஆதார் இணைப்பையும் ஏப்ரலுக்குள் முடியுங்கள். சேர்க்கைக்கு அழைத்துப் போகும்போது அரசாணையின் நகல் கையில் இருக்கட்டும். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தந்தால் அதுவே நமக்குச் சான்று. நிலுவை விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வேலையில் இருக்கும் நாம் முதல் வாரக் கட்டணத்துக்கு ஒரு பொது நிதி வைப்போம். பதேனா கொடுத்த 5,000 ரூபாயைப் போல, அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு பலகை.

ரோகித்தின் கணக்கில் இரண்டு தொகைகள் இருந்தன, வர வேண்டியது ஒன்று, தர வேண்டியது ஒன்று. நம் பிள்ளைகள் யாரும் அப்படி ஒரு கணக்கை எழுதும் நிலைக்கு வரக்கூடாது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் ஊரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.